முன்னால் ஒரு சுழியம்

ஒரு சுழியத்தை எழுதாமல் விட்டதைப் பற்றி எழுத வேண்டுமென்று பல ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். தமிழ்த்துறையில் நாங்கள் மூவர். எழுதுகிற கை ஒன்றுதான்; பிழை மூவருக்கும் பொது என்பதால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம். சென்ற மாதம் துறையின் பழைய கணினிக்கு ஓய்வு கொடுத்தோம். அதிலிருந்த ஒலிக்கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, பதினொரு கோப்புகளின் முன்னால் வேலை நின்றது. கோப்பை நகலெடுத்தால் உள்ளிருக்கும் ஒலி தவறாமல் போய்ச் சேரும். அதற்கு உடையவர் யார், எந்தக் குழுவுக்கு உரியது என்பவை தாமாகப் போய்ச் சேர்வதில்லை. தனியே சொல்லியாக வேண்டும். சொல்வதற்குமுன் 2011ஆம் ஆண்டுப் பொங்கல் எங்கள் நினைவில் வந்து நின்றது.

கோப்பின் அனுமதிகளைப் படிப்பதும் மாற்றுவதும் கணிப்பொறிக்காரர்களின் காரியம், இலக்கியம் படிப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று இதை வாசிப்பவர் நினைக்கக்கூடும். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

*

2008 முதல் எங்கள் மாணவர்களின் ஊர்களுக்குச் சென்று தாலாட்டும் ஒப்பாரியும் பதிவு செய்து வந்தோம். பெரும்பாலும் சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்கள். தாலாட்டுக்குத் தடையில்லை, கேட்டவுடன் திண்ணையிலேயே பாடிவிடுவார்கள். ஒப்பாரி அப்படியன்று. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. ஆகவே பாடுகிறவரை ஊருக்கு வெளியே கண்மாய்க்கரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடி அலைந்தவர்கள் இதை அறிவார்கள்.

எங்கள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் அப்பத்தாவை அப்படித்தான் ஒரு மாலையில் கண்மாய்க்கரையில் உட்காரவைத்துப் பதிவு செய்தோம். தன் மகள் இறந்தபோது பாடியதை மறுபடி பாடினார். நாற்பது நிமிடம். காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத வீட்டை, அந்த வீட்டின் ஆட்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நிறுத்திக் கேட்கிற பாட்டு. பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரு நிபந்தனை சொன்னார்.

"தம்பிகளா, எங்க ஊருக்காரவுக காதுல மட்டும் இது விழக்கூடாது. படிக்கிற பிள்ளைக கேக்கட்டும். எம் பேரன் அந்த வீட்டுலதான் சோறு திங்குறான்."

இறந்த மகளின் பையன் தகப்பன் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். ஞாயிறுதோறும் அப்பத்தா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவான். அவனுக்கு அவர் அம்மாவைப் பெற்றவர். எங்கள் மாணவிக்கு அப்பாவைப் பெற்றவர். ஊரே அவரை அப்பத்தா என்றுதான் அழைத்தது. நாங்களும் அப்படியே அழைத்தோம். கேட்டதற்குச் சரி என்று தலையசைத்தோம். அது எளிய வாக்காகத் தோன்றியது.

வேறு சில பெண்களும் இதுபோன்ற நிபந்தனைகளைச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் பதினொரு பாட்டுகள். மூடி வைக்க வேண்டியவை என்று அவற்றைத் தனியாகப் பிரித்தோம்.

*

ஒலிநாடாவும் குறுந்தகடும் பூசணம் பிடிக்கும் என்பதால், எல்லாவற்றையும் கணினிச் சோதனைக்கூடத்திலிருந்த லினக்ஸ் வழங்கியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. அதே பொறியில்தான் கணிப்பொறித்துறை மாணவர்களுக்கும் கணக்குகள் இருந்தன. எங்கள் மூவரில் ஒருவர் பிஎச்பி மொழியை விடுமுறையில் கற்றுக்கொண்டு, பாட்டுகளைத் தேடிக் கேட்க ஒரு பக்கம் எழுதினார். மூடிய பாட்டுகளுக்குக் கடவுச்சொல் கேட்கும் பக்கம் தனி. அப்பத்தாவுக்குக் கொடுத்த வாக்கைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்ற கேள்வி அப்போது வந்தது.

இந்த ஏற்பாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நியூஜெர்சியில் முர்ரே ஹில் என்னும் ஊரில் பெல் ஆய்வகம் இருந்தது. அங்கே 1969இல் கென் தாம்ஸனும் டெனிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்ட அதன் முதல் கையேட்டிலேயே, கோப்பின் அனுமதியை மாற்றும் செயற்கூறும், கோப்பின் நிலையைப் படித்துச் சொல்லும் செயற்கூறும் இருக்கின்றன. செயற்கூறு என்பது கேட்ட ஒரு வேலையை மட்டும் செய்துகொடுக்கிற நிரல்துண்டு. மாற்றுவதற்கு 'சிஹெச்மோட்' என்று பெயர். 'சேஞ்ச் மோட்' என்பதன் குறுக்கம். படிப்பதற்கு 'ஸ்டாட்'. லினக்ஸ் யூனிக்ஸின் வழியில் பின்னால் வந்தது. இந்த இரண்டு பெயர்களும் அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. பிஎச்பி, பைத்தான், பெர்ல் எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் இந்த இரண்டின் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

முதல் கையேட்டில் உலகம் இரண்டாகவே பிரிந்திருந்தது: கோப்புக்கு உடையவர், உடையவரல்லாதார். 'குழு' என்ற நடுப்பிரிவு பின்னால் சேர்ந்தது. இன்றுள்ள ஏற்பாட்டில் உடையவர், குழு, பிறர் என மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று உரிமைகள்: வாசித்தல், எழுதுதல், இயக்குதல். மூன்றும் மூன்றும் பெருகி ஒன்பது. ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை; நடுவே வேறு நிலை கிடையாது. வாசித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று எண் கொடுத்துக் கூட்டினால் ஒருவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். 6 என்றால் வாசிக்கலாம், எழுதலாம். 0 என்றால் ஒன்றும் கூடாது. மூன்று பேருக்கு மூன்று இலக்கம். இலக்கம் 7க்கு மேல் போகாது என்பதால் இது எட்டின் அடிமானத்தில் எழுதப்படும் எண்.

எங்களுக்கு வேண்டியது 660. வழங்கியின் பக்கத்தை இயக்கும் கணக்கே கோப்புக்கு உடையவர், அதற்கு 6. தமிழ்த்துறை ஒரு குழு, எங்களுக்கும் 6. பிறருக்கு 0. 'படிக்கிற பிள்ளைக' எங்கள் அறைக்கு வந்து கடவுச்சொல்லோடு கேட்பார்கள். ஊர்க்காரர் கேட்க வழியில்லை. அப்பத்தாவின் சொல்லை மூன்று இலக்கத்தில் எழுதிவிட்டதாக எங்களுக்கு ஒரு நிறைவு.

மற்றப் பாட்டுகளை நாங்கள் தொடவில்லை. அவை வழங்கியின் இயல்பான ஏற்பாட்டின்படியே இருந்தன, ஒழுங்காகவே ஒலித்தன. காக்க வேண்டும் என்று நினைத்த பதினொன்றுக்கு மட்டும் ஒரு வரி எழுதினோம். 'சிஹெச்மோட்' என்று எழுதி, அடைப்புக்குள் கோப்பின் பெயரையும் 660 என்ற எண்ணையும் கொடுத்தோம். நிரல் ஓடியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை.

*

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் மாலை, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய் அப்பத்தாவின் பாட்டை ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். ஒலிக்கவில்லை. அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தது. எங்கள் கணக்குகளிலிருந்து திறந்து பார்த்தோம். அங்கும் அனுமதி மறுக்கப்பட்டது.

என்ன உரிமை விழுந்திருக்கிறது என்று கணினியையே கேட்டுவிடலாம் என்று 'ஃபைல்பெர்ம்ஸ்' என்ற செயற்கூற்றை அழைத்தோம். பிஎச்பியில் கோப்பின் உரிமையைப் படித்துச் சொல்வது அது. 33428 என்று விடை வந்தது. ஒன்றும் விளங்காமல் கணிப்பொறித்துறை நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் ஊருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். "அதில் 32768 என்பது இது சாதாரணக் கோப்பு என்பதற்கான அடையாளம். அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. கழித்தோம். 660 வந்தது.

நாங்கள் எழுதிய எண்ணே திரும்பி வந்துவிட்டது. உரிமை சரியாகத்தான் இருக்கிறது, பூட்டுதான் கொஞ்சம் இறுகிவிட்டது, எங்களுக்கே திறக்கவில்லையென்றால் வேறு யாருக்குத் திறக்கப்போகிறது, பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்வோம் என்று விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

*

எட்டின் அடிமானத்தில் எழுதிய எண் என்று கணினிக்குத் தெரிய வேண்டுமானால், பிஎச்பியில் எண்ணுக்கு முன்னால் ஒரு சுழியம் இட வேண்டும். 0660 என்று எழுத வேண்டும். 660 என்று எழுதினால் அது நாம் கடையில் எண்ணும் அறுநூற்று அறுபது. அந்த அறுநூற்று அறுபதை எட்டின் அடிமானத்துக்கு மாற்றினால் ஒரு 512, இரண்டு 64, இரண்டு 8, நான்கு 1. அதாவது 1224. முன்னாலுள்ள 1 இத்தகைய கோப்பில் லினக்ஸுக்குப் பொருளற்றது, விட்டுவிடலாம். மிஞ்சுவது 2, 2, 4.

உடையவருக்கு 2: எழுதலாம், வாசிக்கக் கூடாது. குழுவுக்கு 2: எழுதலாம், வாசிக்கக் கூடாது. பிறருக்கு 4: வாசிக்கலாம்.

நாங்கள் கேட்டதற்கு நேர் எதிர். எங்கள் மூவருக்கும் பூட்டிய பாட்டு அந்தப் பொறியில் கணக்கு வைத்திருந்த மற்ற அனைவருக்கும் திறந்திருந்தது.

பிறருக்கு வாசிக்கும் உரிமை உண்டென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். யூனிக்ஸ் வரிசையாகக் கேட்கிறது. நீ உடையவரா? ஆம் என்றால் உடையவரின் இலக்கத்தை மட்டும் பார்க்கும். அதோடு தீர்ப்பு முடிந்தது. இல்லையென்றால், குழுவில் உள்ளவரா? ஆம் என்றால் குழுவின் இலக்கம் மட்டும். இரண்டும் இல்லாதவருக்கே மூன்றாவது இலக்கம். சொந்தக்காரருக்கு மூடியும் வழிப்போக்கருக்குத் திறந்தும் ஒரு கதவு இருக்க முடியும். அதில் முரண் இருப்பதாக இயந்திரம் நினைப்பதில்லை.

சரிபார்த்தபோது ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது விளங்குகிறது. எழுதும்போது பத்தின் அடிமானத்தில் எழுதினோம். படிக்கும்போதும் பத்தின் அடிமானத்திலேயே படித்தோம். செய்த பிழையும் சோதித்த கண்ணும் ஒன்றாக இருந்ததால் கணக்கு அழகாக ஒத்துப்போனது. உரிமை சரியாக இருந்திருந்தால் வந்திருக்க வேண்டிய எண் 33200, கழித்தால் 432. அதைப் பார்த்திருந்தால் பதறியிருப்போம். மாணவரின் விடைத்தாளில் ஒரே பிழை இரண்டிடத்தில் வந்தால் கண்டுபிடித்துவிடுகிறோம். நம் கையெழுத்தில் வந்தால் அது பிழையாகத் தெரிவதில்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. ஒரு கோப்பை அடைய, வழியிலுள்ள கோப்புறைகள் ஒவ்வொன்றிலும் நுழையும் உரிமை வேண்டும். கோப்புறையைப் பொறுத்தவரை 'இயக்குதல்' என்ற உரிமைக்கு நுழைதல் என்று பொருள். அந்த ஒரு கோப்புறையைப் பிறருக்கு அடைத்திருந்தாலே உள்ளிருக்கும் பதினொன்றும் பிழைத்திருக்கும். நாங்களோ கோப்புறையை எல்லோருக்கும் திறந்து வைத்து, அதற்கு 'மூடியவை' என்று பெயரும் சூட்டியிருந்தோம். அப்படி ஒரு பெயரைப் பார்த்து எந்த இளைஞன் எட்டிப் பார்க்காமல் போவான்?

*

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று அந்த மாணவி துறை வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை.

"ஐயா, அப்பத்தா பாட்டு ஊருல செல்லுல கேக்குது."

சோதனைக்கூடத்தில் யாரோ விளையாட்டாகப் பார்த்திருக்கிறார்கள். விரலிகளில் நகலெடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்ப் பையன் ஒருவன் தெரிந்த குரலைக் கேட்டதும் கைபேசியில் ஏற்றிக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கிறான். அவனிடம் தீய எண்ணம் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. நம் ஊர் அப்பத்தா கம்ப்யூட்டரில் பாடுகிறது என்ற பெருமைதான் இருந்திருக்கும். தேநீர்க் கடையில் ஒலிக்கவிட்டிருக்கிறான். பாட்டில் பெயர் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அன்று மாலை அந்த வீட்டார் அப்பத்தாவின் வாசலுக்கு வந்து ஏசிவிட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிறு பேரன் வரவில்லை.

அன்றே சுழியத்தை இட்டோம். கோப்புறையையும் அடைத்தோம். அரை நிமிட வேலை. ஆனால் இந்தச் செயற்கூற்றின் எல்லை அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உரிமை பாட்டுக்குள் இல்லை. ஒவ்வொரு கோப்புக்கும் 'ஐநோடு' என்ற ஒரு சிறு பதிவு வட்டின் வேறொரு மூலையில் இருக்கிறது. உடையவரின் எண், குழுவின் எண், கோப்பின் அளவு, மாற்றிய நேரம், இந்த ஒன்பது உரிமைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. கோப்பின் பெயர்கூட அதில் இல்லை. பெயர் கோப்புறையில் இருக்கிறது. விரலிகளில் அப்போது வழக்கமாக இருந்த 'ஃபாட்' என்னும் கோப்பமைப்பில், உடையவர், குழு, பிறர் என்று குறித்துவைக்க இடமே கிடையாது. பாட்டு விரலிக்குள் இறங்கிய கணத்தில் அப்பத்தாவின் நிபந்தனை கரையிலேயே நின்றுவிட்டது.

ஒரு நகல்கூட எடுக்கப்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சங்கடம் உண்டு. யூனிக்ஸ் உரிமையைச் சோதிப்பது கோப்பைத் திறக்கும்போது மட்டுமே. திறந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கையில் நாம் உரிமையை நீக்கினால், புதிதாக வருபவருக்குத்தான் கதவு அடையும். உள்ளே இருப்பவர் கடைசி வரை கேட்டுவிட்டே எழுந்திருப்பார். அளித்ததை இனிமேல் மறுக்க முடியும். அளித்ததைத் திரும்பப் பெற முடியாது.

*

மூவரும் அப்பத்தாவைப் பார்க்கப் போனோம். என்ன சொல்வது என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே போனோம். சுழியம், எட்டின் அடிமானம் எல்லாம் அவர் வாசலில் என்ன ஆகும்? தவறு எங்களுடையது என்று மட்டும் சொன்னோம்.

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பேத்தியிடம் காபி போடச் சொன்னார். பிறகு கேட்டார்.

"எல்லாரும் கேட்டுப்புட்டாக. நான் பாடுனதை நான் இன்னும் கேக்கலையே தம்பி?"

அதுவரை எங்களுக்கு அது தோன்றியதே இல்லை. பதிவு செய்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வகைப்படுத்தினோம், எழுத்தில் பெயர்த்தோம், கருத்தரங்கில் கட்டுரை வாசித்தோம். பாடியவருக்கு ஒருமுறைகூடப் போட்டுக் காட்டவில்லை.

மடிக்கணினி கையில் இருந்தது. வீட்டில் ஒலிக்கவிடக் கூடாது என்பதால் கண்மாய்க்கரைக்கே போனோம். நாற்பது நிமிடமும் கேட்டார். அழவில்லை. முடிந்ததும், "இழுப்பு கொஞ்சம் கூடிப்போச்சு. நடுவுல ஒரு அடியை விட்டுப்புட்டேன்" என்றார். அழித்துவிடட்டுமா என்று கேட்டோம்.

"அழிச்சா அவுக கேட்டது இல்லேன்னு ஆயிருமா? இருக்கட்டும்."

பேரன் இரண்டு ஆண்டுகள் வரவில்லை. பிறகு வந்தான், பெரியவர்கள் பேசித் தீர்த்தார்கள், அதில் எங்களுக்குப் பங்கில்லை. 2017இல் அப்பத்தா காலமானார். அதன்பின் அவர் யாருக்கும் பாடியதில்லை என்று மாணவி சொன்னாள். எங்களால்தானா என்று நாங்கள் கேட்கவில்லை.

*

நன்னூலின் பாயிரத்தை ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் நடத்துகிறோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதியது. யாருக்குக் கற்பிக்கலாம், யாருக்குக் கூடாது என்று அதில் விரிவாக வருகிறது. அன்னம், பசு போன்றோர் முதல் மாணாக்கர். மண், கிளி போன்றோர் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றோர் கடைமாணாக்கர். முன்பெல்லாம் இதை நடத்தும்போது வகுப்பில் சிரிப்பு எழும். நாங்களும் சிரித்துவிட்டுக் கடந்துபோவோம். இப்போது அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேசுகிறோம். பவணந்தி கேட்பது, வாங்கியதை இவன் என்ன செய்வான் என்ற கேள்வியை. ஸ்டாட் என்ற செயற்கூறு திருப்பித் தருவது ஒருவரின் எண்ணை மட்டுமே. வந்திருப்பவர் அன்னமா ஓட்டைக்குடமா என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று அதைப் படைத்தவர்களும் எண்ணவில்லை. ஒரே பொறியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் கோப்பில் மற்றவர் கைவைக்காதிருக்க அமைத்த ஏற்பாடு அது. அந்த வேலையை அது செவ்வனே செய்கிறது. உடையவர் என்ற இடத்தில் ஒரு கணக்கின் எண்தான் இருக்க முடியும். அப்பத்தாவுக்கு அந்தப் பொறியில் எண் இல்லை. அவருடைய பாட்டுக்கு வழங்கிதான் உடையவர் என்று பதிவாகியிருந்தது. அவரை அங்கே நினைத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

மொழிகள் இதற்குள் கொஞ்சம் எச்சரிக்கை கற்றுக்கொண்டிருக்கின்றன. பைத்தானின் மூன்றாம் பதிப்பில் 0660 என்று எழுதினால் ஏற்காது. சுழியத்துக்குப் பின் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து, எட்டின் அடிமானம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2021இல் வந்த பிஎச்பி 8.1 பதிப்பும் அந்த முறையைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வெறும் 660 என்று கொடுத்தால் இரண்டும் இன்றைக்கும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்கின்றன. அதுவும் ஓர் எண்தானே.

*

சென்ற மாதம் கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஓர் இளைஞர் துறைக்கு வந்தார். அப்பத்தாவின் பேரன். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். பாட்டைத் தான் கேட்டதே இல்லை என்றார். ஊரே கேட்டபோது அவரை மட்டும் வீட்டுக்குள் அழைத்துக் கதவை அடைத்துவிட்டார்களாம். ஒரு நகல் கிடைக்குமா என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஊர்க்காரர் கேட்கக் கூடாது என்பது அப்பத்தாவின் சொல். இவர் ஊர்க்காரர், பாட்டில் வரும் வீட்டின் பிள்ளை. ஆனால் அந்தச் சொல் பிறந்ததே இவருக்காக. மாணவியைத் தொலைபேசியில் அழைத்தோம். அவள் இப்போது ஒரு பள்ளியில் ஆசிரியை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் கேக்கட்டும் ஐயா. கொண்டுபோக வேணாம். அதுல பேரு வர்றவுக இன்னும் இருக்காக" என்றாள்.

கேட்கலாம், கொண்டுபோகக் கூடாது. இதை அந்த ஒன்பது உரிமைகளால் எழுத முடியாது. வாசிக்க அனுமதித்தால் நகலெடுக்கவும் அனுமதித்ததாகிறது. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே அந்த உரிமையை அவருக்கு வழங்கியில் தரவில்லை. எங்கள் அறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தோம். எங்கள் கணக்கிலிருந்து கோப்பைத் திறந்து, காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிப்பானை அவரிடம் கொடுத்துவிட்டு மூவரும் வராந்தாவுக்கு வந்து நின்றோம்.

நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தார். முகம் கழுவ இடம் கேட்டார். திரும்பி வந்து, "என் பேரும் ஓர் இடத்துல வருதுங்க ஐயா" என்றார். வரும். எழுத்தில் பெயர்த்த எங்களுக்கு அது எந்த இடம் என்று தெரியும். அவரைத் திட்டுகிற இடமில்லை அது.

அவர் போன பிறகு பதினொரு கோப்புகளையும் புதிய கணினியில் வைத்தோம். உடையவரை எழுதினோம், குழுவை எழுதினோம். உரிமை 0660, முன்னால் சுழியம் இருக்கிறதா என்று ஒருவர் பார்த்ததை மற்ற இருவரும் பார்த்தோம். பிறகு எட்டின் அடிமானத்தில் படித்துப் பார்த்தோம். குழுவில் இல்லாத ஒரு மாணவரின் கணக்கிலிருந்து திறக்கச் சொல்லி, மறுக்கிறதா என்றும் பார்த்தோம். அந்தக் கோப்புறையின் பெயர் இப்போது 'மூடியவை' இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே, பாடியவர் சொன்ன நிபந்தனையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்த ஒரு நோட்டுப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. அப்பத்தாவின் பக்கத்தில் அன்றைய தேதியிட்டு ஒரு வரி சேர்த்தோம்: பேரன் வந்து கேட்டார், நகல் தரவில்லை.